படிவம் 3: பேக்கேஜ் தாள் வீட்டுக்கு வந்துவிட்டது, யாரிடம் கேட்பது? (சுங்கை சிப்புட், மலேசியா)

லோரி கிராணி

நம் ஊர்க்காரர்கள் இங்கே நிறைய பேர் இருப்பதால் கேட்கிறேன். மகள் படிவம் 3, அதாவது இடைநிலைப்பள்ளி மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். போன வாரம் பள்ளியிலிருந்து ஒரு தாள் கொண்டு வந்தாள். அடுத்த ஆண்டு படிவம் 4-இல் எந்தப் பேக்கேஜ் (பாடத்தொகுப்பு) வேண்டும் என்று முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம், மூன்றாம் விருப்பம் எழுதி, கையெழுத்துப் போட்டு, அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் திருப்பித் தர வேண்டுமாம். முழுக்க மலாயில் இருக்கிறது. மலாய் எனக்குப் பிரச்சினை இல்லை, ஆபீசில் நாள் முழுக்க அதில்தான் எழுதுகிறேன். ஆனால் இந்தப் பேக்கேஜ் எடுத்தால் பிறகு என்ன படிக்கலாம், எது படிக்க முடியாது என்று ஒரு வரிகூட அதில் இல்லை.

மகளைக் கேட்டால், "தோழி எதை எடுக்கிறாளோ அதையே எடுக்கிறேன் அப்பா" என்கிறாள். வீட்டுக்காரி கணக்கியல் நல்லது என்கிறாள். அத்தை வீட்டில் டாக்டர் என்கிறார்கள்; அவர்கள் எல்லாப் பிள்ளைக்கும் அதைத்தான் சொல்வார்கள்.

ஒன்று கவனித்தேன். படிவம் 5 கடைசியில் எழுதுகிற எஸ்.பி.எம் தேர்வு முடிவு வந்தால் ஊரே வழிகாட்ட வந்துவிடுகிறது. 2025-இல் ஏப்ரல் 24-ஆம் தேதி முடிவு வந்தது, அந்த வாரமே சந்தைக்குப் பக்கத்தில் காலேஜ் பேனர் வரிசையாகத் தொங்கியது. கோயில் மண்டபத்தில் கருத்தரங்கு, பேச்சாளர், சாப்பாடு எல்லாம் உண்டு. அதற்குள் பிள்ளை எடுத்த பாடங்களெல்லாம் முடிந்துபோயிருக்கின்றன. உண்மையில் பாதை பிரிகிற இடம் இந்தப் படிவம் 3 தாள்தான். இந்த நேரத்தில் ஒரு பேனரும் இல்லை, ஒரு கருத்தரங்கும் இல்லை. ஏன்?

மாமாக் கடை தத்துவம்

அண்ணே, படிவம் 3 பிள்ளையிடம் கட்டணம் வாங்க முடியாதே. அதனால்தான் பேனர் இல்லை.

ஓய்வு பெற்ற டீச்சர்

மேலே தம்பி விளையாட்டாகச் சொன்னாலும் அதுதான் விஷயம்.

நான் இடைநிலைப்பள்ளியில் ஆலோசகர் ஆசிரியையாக இருந்தவள். இந்த ஊரில் இல்லை, பக்கத்து மாவட்டத்தில். வெளியே தெரியாத சில விவரங்களைச் சொல்கிறேன்.

பாடம் நடத்தாமல் ஆலோசனை மட்டும் பார்க்கிற முழுநேர ஆசிரியர்கள் இடைநிலைப்பள்ளிகளுக்கு 1996-இல் வந்தார்கள். கணக்கு 500 மாணவருக்கு ஒருவர். அந்த ஒருவர் தொழில் வழிகாட்டலை மட்டும் பார்க்கிறாரா? ஒழுக்கம், மாணவர் மனநலம், வீட்டுப் பிரச்சினை, போதைப்பொருள் தடுப்பு, எல்லாம் அவர் மேசைக்குத்தான் வரும். தொழில் வழிகாட்டல் அதில் ஒரு பகுதி. காலையில் ஒரு பையன் கழிவறையில் வேப் வைத்துக்கொண்டு பிடிபட்டால், அன்றைக்குப் போட்டிருந்த தொழில் வழிகாட்டல் போச்சு.

அப்புறம், உங்கள் மகள் படிவம் 3-இல் ஒரு கேள்வித்தாள் நிரப்பியிருப்பாள். "இயந்திரத்தைப் பிரித்துப் பார்க்கப் பிடிக்குமா, மற்றவருக்குச் சொல்லிக் கொடுக்கப் பிடிக்குமா" என்று ஆம், இல்லை போடுகிற மாதிரி. தொழில் ஆர்வச் சோதனை அது. ஹாலண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1959-இல் வெளியிட்ட கருத்தை வைத்து வந்தது. ஆட்களின் விருப்பத்தை ஆறு வகையாகப் பிரிப்பார்: கைவேலை, ஆராய்ச்சி, கலை, சமூகம், தொழில்முனைவு, ஒழுங்குமுறையான அலுவலக வேலை. மேலே நிற்கிற மூன்று எழுத்துகள்தான் பிள்ளையின் குறியீடு. பள்ளியில் நடக்கிற உளவியல் மதிப்பீட்டில் இந்த மாதிரிச் சோதனைகள் உண்டு. முடிவு கோப்பில் இருக்கும். பெற்றோர் யாரும் வந்து கேட்டதே இல்லை. கேட்டால் காட்டுவார்கள், தயங்காமல் போய்க் கேளுங்கள்.

சரி, பேக்கேஜுக்கு வருகிறேன். பழைய அறிவியல் பிரிவு, கலைப்பிரிவு என்ற பெயர் 2020-இல் போய்விட்டது. இப்போது எல்லாம் பேக்கேஜ். பெயர் மாறியதே தவிர, பின்னால் வருகிற நுழைவு விதிகள் மாறவில்லை. இயற்பியல், வேதியியல், கூடுதல் கணிதம் உள்ள பேக்கேஜ் எடுத்தவள் பிறகு கணக்கியலுக்கும் போகலாம், சட்டத்துக்கும் போகலாம், தமிழையும் விடாமல் எடுத்தால் தமிழாசிரியராகவும் போகலாம். அதை எடுக்காதவள் பிறகு மருத்துவத்துக்கோ பெரும்பாலான பொறியியல் பட்டத்துக்கோ திரும்பி வருவது ரொம்பச் சிரமம். இந்த ஒருவழிப் போக்கைத்தான் தாளில் எழுத மாட்டார்கள்.

ஆனால், அதற்காக எல்லாரும் தூய அறிவியலை எடுங்கள் என்று சொல்ல மாட்டேன். கணிதத்தில் தடுமாறுகிற பிள்ளை இயற்பியலும் கூடுதல் கணிதமும் எடுத்து இரண்டிலும் தோற்று, மற்றப் பாடங்களையும் இழுத்துக்கொண்டு விழுந்ததை நிறையப் பார்த்திருக்கிறேன். மகளுக்குக் கணிதம் எப்படி?

எல்பில் பேரன்

டீச்சர் கடைசிப் பத்தியில் எனக்கு உடன்பாடு இல்லை. மரியாதையோடுதான் சொல்கிறேன்.

நான் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். அப்பா வெட்டுக்காரர், அம்மா களை எடுத்தார். இன்றைக்குப் பினாங்கில் மின்னணுத் தொழிற்சாலையில் எஞ்சினியர். படிவம் 3-இல் எனக்கும் "உன்னால் முடியாது, கலைப்பிரிவுக்குப் போ" என்றார்கள். அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் பள்ளிக்கு வந்து, "பையன் கேட்டதைக் கொடுங்கள்" என்று நின்றார். அதனால்தான் கிடைத்தது.

நம் பிள்ளை என்றால் கேட்காமலே கீழே இறக்குகிறார்கள். "மலாய் சுமார், கணிதம் சுமார், போய் வெல்டிங் படி." தமிழ்ப்பள்ளி முடித்து, படிவம் 1-க்கு முன்னால் மலாய்க்காகப் புதுமுக வகுப்பில் ஒரு வருஷம் உட்கார்ந்து வந்த பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம். பதினைந்து வயதில் ஒருவனால் என்ன முடியும், முடியாது என்று யாருக்குத் தெரியும்? கிராணி அண்ணே, டீச்சர் சொன்ன அந்தத் தூய அறிவியல் பேக்கேஜ், ஸ்டெம் ஏ, அதை எழுதுங்கள். முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் இரண்டிலும் அதையே எழுதுங்கள்.

பாயிலர் தம்பி

"போய் வெல்டிங் படி" என்று ஏதோ தண்டனை மாதிரி எழுதியிருக்கிறீர்கள் அண்ணே. அதற்குத்தான் பதில்.

நான் செம்பனை எண்ணெய் ஆலையில் பாயிலர் பார்க்கிறேன். எஸ்.பி.எம்மில் பெரிதாக ஒன்றும் கிடையாது. முதலில் ஆலையில் உதவியாளாகச் சேர்ந்தேன். பழ நாரும் கொட்டை ஓடும் அள்ளி அடுப்பில் தள்ளுகிற வேலை. கூட இருந்த பெரியவர் ஒருவர்தான், "சும்மா நிற்காதே, வேலை செய்த நேரத்தைப் புத்தகத்தில் குறித்து துரையிடம் கையெழுத்து வாங்கு, பரீட்சைக்கு அது வேண்டும்" என்றார். அப்புறம் தொழில் பாதுகாப்பு இலாகா நடத்துகிற தேர்வு எழுதி ஸ்டீம் இன்ஜின் டிரைவர் கிரேட் 2 சான்றிதழ் எடுத்தேன். இப்போது கிரேட் 1-க்குப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

இது என்ன வேலை என்று தெரியாதவர்களுக்கு: பழக்குலை ஆலைக்கு வந்ததும் நீராவியில் வேக வேண்டும். அந்த நீராவி பாயிலரில் இருந்து வருகிறது, மின்சாரம் எடுக்கிற டர்பைனும் அதே நீராவியில்தான் சுற்றுகிறது. பாயிலர் நின்றால் ஆலை நின்றது. ஷிப்ட் ஏறியவுடன் முதல் வேலை நீர்மட்டக் கண்ணாடியைப் பார்ப்பது. பார்த்தால் மட்டும் போதாது. வடிகால் வால்வைத் திறந்து விட்டு, தண்ணீர் இறங்கி, மூடியதும் மறுபடி உடனே ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். மெதுவாக ஏறினால் குழாயில் எங்கோ அடைப்பு, கண்ணாடி காட்டுவது பொய் மட்டம். அதை நம்பி ஓட்டினால் குழாய் காய்ந்து வெடிக்கும். அதனால்தான் சான்றிதழ் இல்லாத ஆளைப் பாயிலருக்குப் பொறுப்பாக விடக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. முதலாளி நினைத்தாலும் என் இடத்தில் சும்மா ஒருவரை நிறுத்த முடியாது.

சம்பளத்தைப் பொதுவில் எழுத மாட்டேன். குறைந்தபட்சச் சம்பளம் 2025-இல் 1,700 வெள்ளி (ரிங்கிட்) ஆனதே, அதைப் பற்றி நான் கவலைப்படுகிற நிலையில் இல்லை என்று மட்டும் சொல்கிறேன்.

இந்த ஊரைச் சுற்றி இவ்வளவு செம்பனை இருக்கிறது. என் பள்ளியில் ஐந்து வருஷத்தில் ஒருத்தர்கூட இப்படி ஒரு சான்றிதழ் இருக்கிறது என்று சொன்னதில்லை.

எல்பில் பேரன்

தம்பி, உங்கள் வேலையைக் குறைத்துச் சொல்லவில்லை. உங்களுக்கு அமைந்தது, ஏனென்றால் ஒரு பெரியவர் சொன்னார். எத்தனை பேருக்கு அப்படி ஆள் கிடைக்கும்? என் கோபம் வேறு. நம் பிள்ளைகளுக்கு வருகிற "திறன் பயிற்சி" என்ன? மூன்று மாத அழகுக்கலை, கேக் செய்வது, மருதாணி. படம் எடுத்துப் பத்திரிகையில் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். அதை வைத்து எந்தக் கம்பெனியில் வேலை கேட்பது?

பாயிலர் தம்பி

அதில் நீங்கள் சொல்வது சரிதான். அதற்கு ஒரே கேள்வி போதும்: "முடித்தால் எஸ்.கே.எம் எந்த நிலை?" எஸ்.கே.எம் என்றால் மலேசியத் திறன் சான்றிதழ், 1, 2, 3 என்று மூன்று நிலை. அதற்கு மேலே 4 என்றால் டிப்ளோமா, 5 என்றால் உயர்நிலை டிப்ளோமா. கொடுப்பது திறன் மேம்பாட்டு இலாகா. நிலை எதுவும் இல்லை, "கலந்துகொண்ட சான்றிதழ்" மட்டும் என்றால் பொழுதுபோக்குக்குப் போகலாம், பிழைப்புக்கு ஆகாது.

மின்சாரத்திலும் இதே கதைதான். வீட்டில் ஒயரிங் போடுகிறவர்கள் எல்லாம் ஒயர்மேன் இல்லை. ஒற்றை ஃபேஸ், மூன்று ஃபேஸ் என்று தனித்தனித் தகுதிச் சான்றிதழ், எரிசக்தி ஆணையம் கொடுப்பது. அதற்கு மேலே சார்ஜ்மேன். ஏ0, ஏ1, ஏ4, பி0 என்று போய்க்கொண்டே இருக்கும். சார்ஜ்மேன் கிடைக்காமல் ஆலைகள் அலைகின்றன.

மூன்று பிள்ளை அம்மா

நான் படித்தவள் இல்லை, இங்கே எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. என் பெரிய பையன் கதையைச் சொல்கிறேன், யாருக்காவது உதவட்டும்.

எஸ்.பி.எம் முடிந்த கையோடு ஒரு தனியார் காலேஜ் ஏஜெண்டு வீட்டுக்கே வந்தார். தமிழர்தான், ரொம்ப மரியாதை, "அம்மா அம்மா" என்றுதான் பேசினார். லேப்டாப் இலவசம், ஹாஸ்டல் இலவசம், பி.டி.பி.டி.என் என்ற அரசாங்கப் படிப்புக் கடன் அவர்களே எடுத்துக் கொடுப்பார்கள், நாம் ஒரு காசும் போட வேண்டாம் என்றார். சிவப்பு நிறப் பேனாவால் எங்கெங்கே கையெழுத்து என்று வட்டம் போட்டுக் கொடுத்தார். போட்டோம். பையன் போன பிறகுதான் தெரிந்தது, வகுப்பே ஒழுங்காக நடக்கவில்லை, பாதிப் பேர் பகுதிநேர வேலைக்குப் போய்விட்டார்கள். இரண்டாவது வருஷம் நின்றுவிட்டான். லேப்டாப் போச்சு. கடன் மட்டும் அவன் பெயரில் நிற்கிறது. படிப்பை முடிக்கவில்லை என்பதற்காகக் கடனைத் தள்ள மாட்டார்களாம். இப்போது ஷா ஆலாமில் கிடங்கில் வேலை பார்த்துக் கட்டிக்கொண்டிருக்கிறான்.

இரண்டாவது மகளும் படிவம் 3-தான். அதே தாள் எங்கள் வீட்டிலும் இருக்கிறது. பள்ளி ஆசிரியர், "தமிழை விட்டுவிட்டுக் கணக்கியல் எடு" என்று சொன்னாராம். என்ன செய்வது?

ஓய்வு பெற்ற டீச்சர்

அம்மா, கூச்சப்பட ஒன்றும் இல்லை. நீங்கள் எழுதியதுதான் இந்த இழையிலேயே எல்லாரும் படிக்க வேண்டியது.

தனியார் கல்லூரி விஷயத்தில் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். எம்.கியூ.ஏ என்ற தகுதி நிறுவனத்தின் பதிவேடு இணையத்தில் திறந்தே கிடக்கிறது. கல்லூரியின் பெயரைப் போட்டால் போதாது, அந்தப் படிப்பின் பெயரைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரே கல்லூரியில் ஒரு படிப்புக்கு அங்கீகாரம் இருக்கும், அடுத்ததற்கு இருக்காது. தற்காலிக அனுமதி வேறு, முழு அங்கீகாரம் வேறு, அதையும் பாருங்கள். ஏஜெண்டு முன்னால் உட்கார்ந்திருக்கும்போதே தேடுங்கள். முகம் எப்படி மாறுகிறது என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

தமிழை விடச் சொன்னது பற்றி: தமிழ் ஒரு தேர்வுப் பாடம், கணக்கியல் இன்னொரு தேர்வுப் பாடம். இரண்டில் ஒன்று என்று ஏன் ஆனது? பல நேரம் அட்டவணையில் இரண்டும் ஒரே நேரத்தில் விழுகிறது என்பதுதான் காரணம், வேறொன்றும் இல்லை. தமிழைப் பள்ளி நேரத்துக்கு வெளியே வைத்துப் படிக்க வைக்கிற பள்ளிகள் உண்டு. பெற்றோர் சிலர் சேர்ந்து எழுதிக் கொடுத்தால் நடக்கிறது, தனியாகப் போய்ச் சொன்னால் நடப்பதில்லை. மகளுக்கு ஆசிரியர் பயிற்சிக் கழகம் போய்த் தமிழ்ப்பள்ளி ஆசிரியராகும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால், எஸ்.பி.எம் தமிழை விடவே கூடாது.

தாமான் தாத்தா

நான் இந்த வட்டாரத்துத் தோட்டத்தில் கண்டக்டராக, அதாவது வெளிவேலையை மேற்பார்க்கிறவனாக இருந்து ஓய்வு பெற்றவன். ரப்பர் காலமும் பார்த்தேன், செம்பனைக் காலமும் பார்த்தேன்.

நம் ஆட்கள் தோட்டத்தை விட்டு ஓடுவதையே முன்னேற்றம் என்று நினைத்துவிட்டோம். தப்பு சொல்லவில்லை, நாங்கள் பட்ட பாடு அப்படி. ஆனால் தோட்டத்தில் மேலே போகிற ஏணி ஒன்று எப்போதுமே இருந்தது. ஐ.எஸ்.பி என்று தோட்ட நிர்வாகிகள் சங்கம், 1919-இல் வெள்ளைக்காரத் துரைமார்கள் ஆரம்பித்தது. அவர்கள் நடத்துகிற தேர்வு எழுதியவர்களைச் சின்ன துரையாக, அதாவது உதவி நிர்வாகியாக எடுப்பார்கள். மண், உரம், பூச்சி, கணக்கு, தொழிலாளர் சட்டம் எல்லாம் வரும். என்னோடு வேலை செய்த ஒருவர் இரவு விளக்கில் படித்து எழுதி, அடுத்த தோட்டத்துக்குச் சின்ன துரையாகப் போனார். அவர் பிள்ளைகளுக்குக்கூட அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. "அப்பா இன்னும் தோட்டத்தில்தான் இருக்கிறார்" என்று சொல்வார்கள்.

நம் ஊர்த் தலைவர், அமைச்சராக இருந்த சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பித்தபோது தோட்டம் தோட்டமாகப் போய்ப் பங்குப் பணம் சேர்த்தார். துண்டாடி விற்ற தோட்டங்களை நம் ஆட்களே வாங்க வேண்டும் என்றார். தோட்டம் வாங்கினோம். தோட்டத்தை நடத்தப் பிள்ளைகளைப் படிக்க வைத்தோமா? விவசாய டிப்ளோமாவுக்கு எத்தனை பேர் போனோம்?

மாமாக் கடை தத்துவம்

தாத்தா, என் அப்பாவிடம் "விவசாயம் படிக்கப் போகிறேன்" என்று சொன்னால், "அதற்கா உன்னைப் படிக்க வைத்தேன்" என்று பெல்ட்டை எடுப்பார்.

தாமான் தாத்தா

அதைத்தானே சொல்கிறேன் பேராண்டி.

ஆறாம் படிவம்

எல்லாரும் ஒன்று மறந்துவிட்டீர்கள். ஆறாம் படிவத்தில் எழுதுகிற எஸ்.டி.பி.எம்!

நான் இந்த ஊர்தான். எஸ்.பி.எம்மில் சுமார். பல்கலைக்கழகத்துக்கு முன்னால் படிக்கிற அரசாங்க மெட்ரிக்குலேஷன் வகுப்பு கிடைக்கவில்லை. 10ஏ மற்றும் அதற்கு மேல் எடுத்தவர்களுக்கு இனம் பார்க்காமல் இடம் என்று 2024-இல் அறிவித்தார்கள், நல்லதுதான், ஆனால் நான் அந்தக் கூட்டத்தில் இல்லையே. வீட்டில் தனியார் கல்லூரிக்குப் பணம் இல்லை. ஆறாம் படிவம் போனேன். சொந்தக்காரர்கள் எல்லாம், "இன்னுமா பள்ளிச் சீருடை?" என்று சிரித்தார்கள். அரசாங்கப் பள்ளி, செலவு ரொம்பக் குறைவு, வீட்டுச் சாப்பாடு. ஒன்றரை வருஷம், மூன்று செமஸ்டர், நான்கு பாடம். அதில் பொதுப்பாடம் கட்டாயம். முன்பு மாதிரி கடைசியில் ஒரே பரீட்சை கிடையாது, 2012-இலிருந்து செமஸ்டர் செமஸ்டராக எழுதுகிறோம். ஒரு செமஸ்டர் சொதப்பினால் பின்னால் மறுபடி எழுதலாம். நான் பொருளியலில் அப்படித்தான் தப்பித்தேன். இப்போது பொதுப் பல்கலைக்கழகத்தில் கணக்கியல் இரண்டாம் ஆண்டு.

பெண் பிள்ளையை ஹாஸ்டலுக்கு அனுப்பப் பயப்படுகிறவர்களுக்கு இது ரொம்ப நல்ல வழி. பயப்படுவது சரியா தவறா என்பது வேறு இழை, அதை இங்கே ஆரம்பிக்காதீர்கள்.

இன்னொன்று, பொதுப் பல்கலைக்கழகம், பாலிடெக்னிக் எல்லாவற்றுக்கும் போடுகிற யூ.பி.யூ விண்ணப்பம். தயவுசெய்து பிள்ளையின் சொந்த மின்னஞ்சலில், சொந்த தொலைபேசி எண்ணில் போடுங்கள். என் வகுப்பில் ஒருத்தி போட்டோஸ்டாட் கடை அங்கிளின் மின்னஞ்சலை வைத்து விண்ணப்பித்தாள். கடவுச்சொல் அவரிடம்தான் இருந்தது. பாலிடெக்னிக் இடம் கிடைத்ததே அவளுக்குத் தெரியாது. ஏற்றுக்கொள்ளும் கடைசி நாள் கடந்த பிறகுதான் அங்கிள் ஞாபகம் வந்து சொன்னார்.

லோரி கிராணி

தங்கச்சி, பாலிடெக்னிக் என்றதும் கேட்கிறேன், ஈப்போவில் இருக்கிறதே உங்கு ஓமார், அது எப்படி? பாயிலர் தம்பி சொல்வதும் எல்பில் பேரன் சொல்வதும் அங்கே ஒன்றாகச் சேருகிற மாதிரி தெரிகிறது.

எல்பில் பேரன்

நல்ல கேள்வி. 1969-இல் ஆரம்பித்தது, நாட்டின் முதல் பாலிடெக்னிக். செமஸ்டருக்கு 200 வெள்ளிதான் படிப்புக் கட்டணம். டிப்ளோமா எடுத்த பிறகு பட்டப்படிப்புக்குப் போகலாம். யூ.டி.எச்.எம், யூ.டி.இ.எம், யூனிமேப் மாதிரியான தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்கள் இந்தப் பிள்ளைகளை எடுக்கும். என் தொழிற்சாலையில் எனக்குக் கீழே வேலை பார்க்கிற மூன்று பேர் பாலிடெக்னிக். உண்மையைச் சொன்னால், முதல் நாளே இயந்திரத்தில் கை வைக்கத் தெரிந்தவர்கள் அவர்கள்தான். நேராகப் பட்டம் முடித்து வருகிறவர்களுக்கு ஆறு மாதம் ஆகிறது.

பாயிலர் தம்பி இதைப் படித்துவிட்டுச் சிரிப்பார், தெரியும்.

பாயிலர் தம்பி

சிரிக்கவில்லை அண்ணே, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டேன்.

ஆனால் பாலிடெக்னிக் பொறியியலுக்கும் கணிதத்தில் கிரெடிட் வேண்டும். மறுபடி படிவம் 3-க்குத்தான் வருகிறோம். கணிதத்தைக் கைவிட்டுவிட்டால் எஞ்சினியரும் கிடையாது, சார்ஜ்மேனும் தடுமாற்றம்தான்.

ஓய்வு பெற்ற டீச்சர்

அதே. நான் பேக்கேஜ் பற்றி எழுதியதை எல்பில் பேரன் கோபத்தோடு படித்தார். நான் சொன்னது பிள்ளையைக் கீழே இறக்கச் சொல்லி இல்லை. எதை எடுத்தாலும் கணிதத்தைத் தாங்கிப் பிடியுங்கள் என்பதுதான். படிவம் 3-க்கு இருந்த பி.டி.3 பொதுத்தேர்வை 2022-இல் எடுத்துவிட்டார்கள். அதனால் பிள்ளை எங்கே நிற்கிறது என்று பல வீடுகளில் தெரிவதே இல்லை. ஆண்டிறுதித் தேர்வு மதிப்பெண்ணைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

லோரி கிராணி

மகள் கணிதம் பி. அறிவியல் ஏ. சும்மா வாய்ப்பாடு ஒப்பிக்கிற பிள்ளை இல்லை, வீட்டில் ரேடியோ கெட்டால் அவள்தான் பிரிப்பாள். நேற்றுப் பள்ளிக்குப் போய், டீச்சர் சொன்ன அந்தச் சோதனை முடிவைக் கேட்டேன். ஆலோசகர் ஆசிரியை நல்ல மனுஷி, மலாய்க்காரர், உடனே கோப்பை எடுத்துக் காட்டினார். "இந்த வருஷம் கேட்டு வந்த முதல் அப்பா நீங்கள்தான்" என்றார். கைவேலை முதலில், ஆராய்ச்சி இரண்டாவது. முதல் விருப்பம் ஸ்டெம் ஏ எழுதிவிட்டேன். இரண்டாவது, தொழில்நுட்பப் பாடம் உள்ள பேக்கேஜ். ஸ்டெம் ஏ-க்குப் பிள்ளைகள் போதாவிட்டால் அந்த வகுப்பே திறக்க மாட்டார்களாம், அதனால் இரண்டாவதையும் யோசித்தே எழுதச் சொன்னார்.

அவர் இன்னொன்றும் சொன்னார். எனக்கு அதுதான் உறைத்தது. யூ.பி.யூவில் பட்டப்படிப்புக்கு 90 விழுக்காடு பரீட்சை, 10 விழுக்காடு புறப்பாடம், அதாவது விளையாட்டு, சங்கம் மாதிரியானவை. நம் பிள்ளைகள் அந்தப் பத்தில் கோட்டை விடுகிறார்களாம். சோம்பேறித்தனம் இல்லை. புறப்பாடம் மதியத்துக்கு மேல். தோட்டத்துப் பள்ளி வேன் இரண்டு மணிக்குக் கிளம்பிவிடும். வேனை விட்டால் வீட்டுக்குப் போக வழி கிடையாது. பிள்ளை வேனில் ஏறிவிடுகிறது, பதிவேட்டில் வரவில்லை என்று விழுகிறது.

ஆசிரியை மேல் தப்பு இல்லை, வேன்காரர் மேலும் தப்பு இல்லை. வாரத்தில் ஒரு நாள், புதன்கிழமை மட்டும், இரண்டாவது தடவை வேன் ஓட ஆகிற செலவைப் பெற்றோர் பங்கு போட்டால் முடிந்தது. கருத்தரங்குக்குச் செலவழிக்கிற சங்கங்கள் இதற்குக் கொடுத்தாலும் நல்லது.

பெயர் வேண்டாம்

வணக்கம். நான் போன வருஷம் எஸ்.பி.எம். வரலாறு ஃபெயில். அதனால் சான்றிதழே இல்லை என்றார்கள். இப்போது கார் கழுவும் கடையில் வேலை. மறுபடி ஒரு வருஷம் பள்ளிக்குப் போக வேண்டுமா?

ஓய்வு பெற்ற டீச்சர்

போக வேண்டாம் தம்பி. 2013-இலிருந்து வரலாறு தேறினால்தான் சான்றிதழ், மலாய்மொழியும் அப்படித்தான். ஆனால் தவறிய பாடத்தை மட்டும் தனியாக மறுபடி எழுத இடம் இருக்கிறது. எஸ்.பி.எம் உலாங்கான் (மறுதேர்வு) என்று கேளுங்கள். தேறினால் முழுச் சான்றிதழ் வந்துவிடும், மற்றப் பாடங்களின் மதிப்பெண் அப்படியே இருக்கும். பதிவு எப்போது என்று மாநிலக் கல்வி இலாகாவில் கேளுங்கள், அல்லது உங்கள் பழைய பள்ளி அலுவலகத்திலேயே கேட்கலாம். உங்களுக்கு யாரும் இதைச் சொல்லவில்லையா?

பெயர் வேண்டாம்

இல்லை டீச்சர். நன்றி. நாளைக்கு லீவு கேட்டுப் போகிறேன்.

பாயிலர் தம்பி

தம்பி, தேறியதும் எனக்குத் தனிச்செய்தி அனுப்பு. அதற்கு முன்னாலும் அனுப்பலாம். நம் ஊரிலேயே கொமுனிட்டி காலேஜ் இருக்கிறது, அங்கே என்னென்ன இருக்கிறது என்று போய்ப் பார்ப்போம்.

லோரி கிராணி

சரி, இப்படியே எழுதிக்கொண்டிருந்தால் வெள்ளிக்கிழமை வந்துவிடும். இந்தப் புதன்கிழமை இரவு எட்டு மணிக்குக் கோயில் மண்டபத்தின் பின்னறை கேட்டிருக்கிறேன், தலைவர் சரி என்றுவிட்டார். படிவம் 3 பெற்றோர் மட்டும். டீச்சர் வர ஒப்புக்கொண்டார். பேனர் இல்லை, மாலை இல்லை, பொன்னாடை இல்லை, வரவேற்புரை இல்லை. காலேஜ்காரர்களுக்கு அனுமதி இல்லை. தாளைக் கொண்டு வாருங்கள், ஆண்டிறுதித் தேர்வு மதிப்பெண் இருந்தால் அதையும்.

மூன்று பிள்ளை அம்மா

பிள்ளையையும் கூட்டி வரலாமா?

ஓய்வு பெற்ற டீச்சர்

அவள் இல்லாமல் நீங்கள் மட்டும் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன் அம்மா. தமிழ் எடுக்க விரும்புகிற மற்ற நான்கைந்து பெற்றோரின் பெயரையும் எழுதி வாருங்கள், கடிதத்தை அங்கேயே எழுதிவிடலாம்.

மாமாக் கடை தத்துவம்

சாப்பாடு உண்டா?

லோரி கிராணி

தேத்தண்ணியும் பிஸ்கட்டும். நீ வருவதாக இருந்தால் நாற்காலி எடுத்துப் போட ஏழரைக்கு வந்துவிடு.